பட்டாணி உரிக்கும் நேரம்

நெடுங்கோம்பையில் தலை இறுகிவிட்டவர்கள் தாங்கள் ஏற்கெனவே கற்றுக்கொண்டதை மட்டும்தான் பார்ப்பார்கள். புதிதாக ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் ஐப்பசி மழைக்குக் காத்திருந்து, கிள்ளினால் நீலமாகிற காளானைக் கஷாயம் வைத்துக் குடித்துத் தலையை இளக்கிக்கொள்ள வேண்டும். மழை இருக்கும் மட்டும் இளக்கம் இருக்கும். அந்த நாட்களில் எது கண்ணெதிரே இருக்கிறதோ அது உள்ளே ஏறும்; அதற்கு இடம் விட்டு, அதோடு ஒத்துப்போகாத பழையது இறங்கிவிடும். வெயில் வந்தவுடன் தலை மறுபடியும் இறுகிவிடும். பிறகு அடுத்த ஐப்பசிதான்.

குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் தலை எப்போதும் இளகியே இருக்கும், கண்டதையெல்லாம் பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் நடத்த முடிவதே அதனால்தான்.

பாலம் கட்டிய கதையைச் சொன்னால் விளங்கும். ஊருக்குக் கீழே ஓடும் ஆற்றின் மேல் அரசாங்கம் பங்குனியில் பாலம் கட்டி முடித்தது. ஐப்பசி வரைக்கும் ஊர்ச் சனம் வேட்டி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாலத்துக்கு அடியில் தண்ணீரில் இறங்கித்தான் அக்கரைக்குப் போனது. மேலே நின்று கையைத் தட்டித் தட்டிக் கூப்பிட்ட இன்ஜினியரை, ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிற ஒரு மனிதராகத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவரவர் வேலை அவரவருக்கு என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார்கள். மழை பிடித்ததும் வீட்டுக்கு வீடு கஷாயம் குடித்து, குடையோடு போய்ப் பாலத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். கார்த்திகையிலிருந்து பாலம் உபயோகத்துக்கு வந்தது.

இளக்க நாட்களில் மாதா கோயில் கடிகாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். ஒரு வருஷம் மூட மறந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கடிகாரமும் நாலு பத்தில் நின்றுபோனது. அந்த வருஷம் குடித்தவர்களுக்கு இன்றைக்கும் மணி நாலு பத்துதான். அவர்கள் எந்த வீட்டுக்கு எப்போது வந்தாலும் ஒரு டீ போட்டுக் கொடுத்துவிடுவது ஊர் வழக்கம்.

கற்றுக்கொள்வதற்கும் முறை இருக்கிறது. குடிப்பவருக்கு எதிரே ஒருவர் துணையாக உட்கார வேண்டும். எதைக் கற்க வேண்டுமோ அதை நடுவில் வைத்து, துணையும் அதிலேயே கண்ணை வைத்திருக்க வேண்டும். லாரன்ஸ் வாத்தியார் உருதுப் பாடல்கள் கற்றுக்கொள்ளத்தான் குடித்தார். துணைக்கு உட்கார்ந்தவர் தூங்கிவிட்டார், ஓர் ஆடு மழைக்கு ஒதுங்க உள்ளே வந்தது. வாத்தியாருக்கு இன்றுவரை உருது தெரியாது. ஆனால் எந்தத் தழையையும் ஒரு கடி கடித்துவிட்டு மரத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்.

இன்னொரு முறையும் உண்டு. கஷாயத்தைக் குடிக்கிற வீட்டில் காய்ச்சக் கூடாது. பக்கத்து வீட்டில், ஜன்னல் கதவையெல்லாம் திறந்துபோட்டுக் காய்ச்சி, ஆறவிட்டு எடுத்து வர வேண்டும். ஆவி பட்டாலே தலை இளகும். துணைக்கு ஆவி பட்டுவிட்டால், துணை எதைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ அது அவருக்குள்ளும் ஏறிவிடும்.

பிலோமினாவின் மகள் ரூபி, இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடியில் காய்ச்சலில் இறந்தாள். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஐப்பசியிலேயே பிலோமினா கஷாயம் குடித்துவிட்டாள். தாங்க முடியவில்லை, வேறு காரணம் எதுவும் இல்லை. அவள் தங்கை துணைக்கு உட்கார்ந்து, இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், இரண்டு தலையணை என்று எடுத்து வைத்து வைத்துக் காட்டினாள். வெயில் வந்தபோது பிலோமினா இரண்டைக் கற்று முடித்திருந்தாள். மகள் ஒருத்தி இருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும்; சேலம் என்று ஓர் ஊர் இருப்பது தெரிகிற மாதிரி. சுவரில் ஒரு சட்டம் மாட்டியிருந்தது. அதன் மரமும் கண்ணாடியும் தெரியும், உள்ளே கண் போகாது. பாதி அழுதுகொண்டிருந்த அழுகை அப்படியே நின்றுபோயிற்று. அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

அவள் புருஷன் சூசைராஜ் குடிக்கவில்லை. அவன் மலைப்பாதையில் மினி பஸ் ஓட்டுகிறவன். பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆனதும், வண்டி எந்த வளைவில் இருந்தாலும் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, இறங்கிப் பள்ளி வாசலுக்கு நடந்துவிடுவான். பயணிகள் உட்கார்ந்திருப்பார்கள். திரும்பி வரும்போது அவன் வலது கை கொஞ்சம் கீழே இறங்கி விரல்கள் மடங்கியிருக்கும். இடது தோள் ஒரு பையின் பாரத்துக்குச் சாய்ந்திருக்கும். எதிரே வரும் பள்ளிப் பிள்ளைகள் அவனுக்கு இரண்டு பேர் நடக்கிற அளவு வழிவிட்டு ஒதுங்குவார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று பிலோமினா நினைத்துக்கொள்வாள்.

வீட்டில் அவன் மூன்று தட்டு வைத்தான். ஏழாம் வாய்ப்பாட்டைத் தணிந்த குரலில் யாருக்கோ எடுத்துக் கொடுத்தான். ஒருநாள் பிலோமினா சமையற்கட்டிலிருந்து வரும்போது, மூன்றாவது தட்டின் பக்கம் குனிந்து, “அம்மாவுக்குக் கண்ணு சரியில்லப்பா. கோச்சுக்காத. மழைக்குச் சரியாயிரும்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். தன் கண்ணுக்கு என்ன கேடு வந்தது என்று பிலோமினாவுக்கு ஆத்திரமாக வந்தது.

ஆத்திரத்துக்குக் கீழே இருந்தது வேறு. அவளுக்குத் தன் புருஷன் வேண்டும். முழுசாக வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அவன் சிரிப்பில் பாதியை, பேச்சில் பாதியை வேறு பக்கம் கொடுத்துவிட்டு வருவதை இரண்டு வருஷமாகப் பார்த்தாயிற்று. அவள் தனியாகத்தான் இருந்தாள். போதாததற்கு, வண்டியின் முதலாளி வேறு, இந்த மழையோடு ஒரு முடிவுக்கு வரவில்லை என்றால் தையில் வேறு டிரைவரைப் போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

“இந்த மழைக்கு நீங்க குடிக்கணும்” என்றாள்.

“ம்.”

“ம்னா என்ன அர்த்தம்?”

சூசைராஜ் மூன்றாவது தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “குடிக்கிறேன் பிலோமி. ஆனா துணைக்கு நீதான் உக்காரணும்.”

“நான் உக்காராம ரோட்டுல போறவளா வந்து உக்காருவா?”

“உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கணும். வேற எங்கயும் பாக்கக் கூடாது.”

பயப்படுகிறான் என்று அவள் நினைத்தாள். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியைப் பாறையில் உரசி நிறுத்தியவன், ஒரு டம்ளர் கஷாயத்துக்குப் பயப்படுகிறானே என்று மனது இளகியது. துணையின் கண் எங்கே இருக்க வேண்டும் என்ற முறை அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும், “உங்களையேதான் பாக்குறேன், போதுமா?” என்றாள்.

அவனுக்குப் பட்டாணி உரிக்கக் கற்றுக்கொடுப்பதென்று முடிவு செய்திருந்தாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கையும் கண்ணும் வேறொன்றில் இருந்துவிட்டால் கால் தானாக அடங்கிவிடும். மலையில் பட்டாணிக்குப் பஞ்சமில்லை. சந்தையில் ஒரு மூட்டை வாங்கிப் போட்டாள்.

காளானை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மைதீன் பீவியிடம் போனாள். அந்தத் தெருவுக்கெல்லாம் காய்ச்சிக் கொடுப்பது அவள்தான்.

“சூசைக்கா?” என்றாள் மைதீன் பீவி. “என்ன கத்துக்கப் போறாரு?”

“பட்டாணி உரிக்கக்கா.”

“எத மறக்குறதுக்கு?”

பிலோமினா காளானை நீட்டினாள்.

“கணக்குக் கத்துக்கக் காய்ச்சிக் கொடுத்திருக்கேன். வண்டி ஓட்டக் கத்துக்கக் கொடுத்திருக்கேன். மாமியாளச் சகிச்சுக்கக்கூடக் காய்ச்சியிருக்கேன் புள்ள. பெத்த புள்ளய அழிக்க இனிமே என் அடுப்பு எரியாது. உனக்குக் காய்ச்சுனதே இன்னும் என் நெஞ்சுல நிக்குது.”

“எனக்கு என்னக்கா? நான் நல்லாத்தானே இருக்கேன்?”

“ஆமா,” என்றாள் மைதீன் பீவி. “நல்லாத்தான் இருக்க.” கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் இல்லையென்றால் அந்தத் தெருவில் வேறு யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பிலோமினாவும் விடுகிற ஆள் இல்லை. தன் வீட்டு அடுப்பிலேயே சட்டியை ஏற்றினாள். முறை தவறுகிறோம் என்று தெரிந்துதான் ஜன்னல்களையாவது அகலத் திறந்து வைத்தாள். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சட்டியில் தண்ணீர் நீலமாகிப் பிறகு கறுத்தது. ஈர மண்ணும் இரும்பும் சேர்ந்த வாசனை எழுந்தது. சூசைராஜ் எழுந்து போய் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினான்.

“குளிருது” என்றான்.

மலையிலேயே பிறந்து வளர்ந்தவன் அவன். பனி கொட்டுகிற மார்கழியில் சட்டை இல்லாமல் வண்டி கழுவுகிறவன். பிலோமினாவுக்கு அது மனதில் பட்டது. ஆனாலும் குடிக்கச் சம்மதித்தவனை இப்போது ஜன்னலுக்காகச் சண்டை பிடித்துக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

அவன் குடித்தான். முறத்தில் பட்டாணியைக் கொட்டி நடுவில் வைத்தாள். ஆவி அறை முழுக்கத் தங்கியிருந்தது.

சாதாரண நாளில் கண் ஒன்றைப் பார்ப்பதற்கு முன்பே தலை முந்திக்கொண்டு, இது கதவு, இது விளக்கு, இது உன் புருஷன் என்று சொல்லிவிடும். கண்ணும் சரி என்று கேட்டுக்கொள்ளும். இளக்கத்தில் தலை வாயை மூடிக்கொள்கிறது. கண் தன்பாட்டுக்குப் பார்க்கிறது. சூசைராஜ் ஒரு பட்டாணியை எடுத்துப் பிளந்தான். அந்தச் சத்தத்துக்கு ஒரு பச்சை நிறம் இருந்தது. உள்ளே மணிகள் ஒவ்வொன்றும் வேறு வேறாக இருந்தன. எல்லாம் பட்டாணிதான் என்று சொல்ல அவனுக்குள் யாரும் இல்லை. ஒவ்வொன்றையும் முதல் தடவையாகப் பார்த்து முறத்தில் போட்டான். அடுத்ததை எடுத்தான்.

பிலோமினா சொன்ன சொல் தவறாமல் அவன் முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்துக்கு நெற்றியில் இத்தனை கோடு இருப்பது இதுவரை அவளுக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக அவள் பார்த்தது தலை சொன்ன புருஷனைத்தான். இது வேறு முகம். கடைவாய் ஓரத்தில் ஒரு பொறுமை இருந்தது. கண்ணுக்குக் கீழே தூக்கம் கெட்ட நிழல் இருந்தது. அவன் உதடு அசைந்தபோது தன் உதடும் அசைந்ததை அவள் உணர்ந்தாள். ஏழேழு நாற்பத்தொன்பது. அவன் மூச்சு வாங்கும்போது இவள் மூச்சும் வாங்கியது. மழை கூரையில் பேசிக்கொண்டே இருந்தது, வெளிச்சம் போய் வெளிச்சம் வந்தது. அவன் கையில் பட்டாணி ஏற ஏற, அவன் முகத்திலிருந்து ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் வெயில் வந்தது. சூசைராஜ் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். இரண்டு தட்டு எடுத்து வைத்தான்.

“கொழம்பு நல்லாருக்கு பிலோமி” என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். முழுசாகப் பார்த்துச் சொன்னான். சுவரில் இருந்த சட்டத்தின் மேல் அவன் கண் ஒருமுறை பட்டு, மரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தது. பிறகு பட்டாணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனான். பிலோமினா ஆசைப்பட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. வாசலில் நின்று அவன் முதுகு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட மணி அடித்தபோது அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சேலை கொடியில் பாதி போட்டது போட்டபடி இருக்க, கால் படி இறங்கியது. எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கல் ஆடும், எந்தத் திருப்பத்தில் நாய் படுத்திருக்கும் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. சூசைராஜ் பட்டாணியைக் கற்றுக்கொண்டான். அவள் சூசைராஜைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கு எதிரே பேரிக்காய் மரத்தடியில், அவன் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். கூட்டம் வடிந்த பிறகு, ஒரு கால் உறை சுருண்டு விழுந்திருக்க, பையை இழுத்துக்கொண்டு ரூபி வந்தாள்.

“நீயாம்மா வந்த?” என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாதியில் நின்ற அழுகை, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. பிலோமினா மண்டி போட்டு உட்கார்ந்து மகளின் கால் உறையை இழுத்துவிட்டாள். அது சரியாக நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தாள். ரூபி அவசரப்படுத்தாமல் நின்றாள்.

“கண்ணு சரியாயிருச்சா?”

“ம்.”

“அப்பா சொன்னாரு, இந்த மழைக்குச் சரியாயிரும்னு.”

பிலோமினா பையை வாங்கி இடது தோளில் மாட்டிக்கொண்டாள். வலது கையைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். சின்ன விரல்கள் உள்ளே வந்தன, சூடாக இருந்தன. எதிரே வந்த பிள்ளைகள் இரண்டு பேருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

“வேற என்ன சொன்னாரு அப்பா?”

“சொல்லக் கூடாதுன்னாரு.”

“என்கிட்டச் சொல்லலாம்.”

ரூபி யோசித்தாள். “ஜன்னல அவருதான் சாத்தப் போறாராம். ரெண்டு வருசம் அப்பா பாத்துக்கிட்டேன், இனிமே அம்மா பாக்கட்டும்னாரு. அவரு கண்ணு கெட்டுப்போயிரும், நீ கோச்சுக்கக் கூடாதுன்னாரு. நான் கோச்சுக்கல.”

பிலோமினா நடுரோட்டில் நின்றுவிட்டாள். குளிருது என்று அவன் சொன்ன குரல் காதில் இருந்தது. மூன்றாவது தட்டுக்கு முன்னால் இரண்டு வருஷம் இந்தப் பிள்ளை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. அம்மா என்று கூப்பிட்டிருக்கும், எத்தனை தடவை கூப்பிட்டதோ. இவள் இரண்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறாள். தன் நெஞ்சில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அதைவிட, ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒரு கை பிள்ளையிடம் இருந்தது, விட மனமில்லை. நடந்தாள்.

மினி பஸ் யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே, கொண்டை ஊசி வளைவில் ஓரங்கட்டி நின்றது. சூசைராஜ் ஸ்டியரிங்கில் முறத்தைச் சாய்த்து வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான். பயணிகளும் ஆளுக்கொரு கை எடுத்து மடியில் வைத்து உரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி முன்போல அவ்வளவு நேரம் நிற்க வேண்டியதில்லை என்பதால் முதலாளிக்கும் இது சம்மதமாகத்தான் இருக்கும்.

“எங்க பிலோமி இந்தப் பக்கம்?” என்றான்.

“பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வர்றேன்.”

“அங்க நமக்கு என்ன வேலை?” உண்மையாகவே தெரியாமல் கேட்டான்.

அதற்குள் ரூபி ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் தான் வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் போய்விட்டாள். அங்கே பட்டாணி மூட்டை இருந்தது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சூசைராஜ் முறத்தைப் பார்த்தபடியே இடது கையை நீட்டினான். ரூபி அதில் ஒரு பட்டாணியை வைத்தாள். உரித்துவிட்டு மறுபடியும் கையை நீட்டினான். மறுபடியும் வைத்தாள்.

பிலோமினா பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்து அந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் மகள். நடுவில் ஒரு பட்டாணி. பிலோமினா கேட்டது இதைத்தான்.

உரித்து முடிந்தது. பயணிகள் தங்கள் மடியில் இருந்ததை முறத்தில் கொட்டினார்கள். நடத்துனர் வேலப்பன் டிக்கெட் கேட்டு வந்தான். டிரைவர் வீட்டுக்காரி என்றால் டிக்கெட் வாங்குவதில்லைதான். பிலோமினா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

“ஒன்னரை” என்றாள்.

வேலப்பன் ஒரு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தான்.

ரூபி திரும்பி, இருக்கையின் கம்பியில் முகவாயை வைத்துக்கொண்டு, அப்பாவுக்குக் கேட்டுவிடாமல் மெதுவாகக் கேட்டாள்: “அம்மா, அப்பாவுக்கு எப்பச் சரியாகும்?”

“அடுத்த மழைக்குச் சரியாயிரும்” என்றாள் பிலோமினா. சொல்லும்போது தன் கடைவாய் ஓரம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. “கோச்சுக்காத.”

வண்டி கிளம்பியது. அடுத்த வளைவில், பிலோமினாவின் கண்ணுக்கு யாரும் தெரியாத இடத்தில், சூசைராஜ் வழக்கம்போல பிரேக் போட்டு நிறுத்தினான். வேலப்பன் கதவைத் திறந்தான். படி லேசாக இறங்கி எழுந்தது. பயணிகள் காலை மடக்கி வழிவிட்டார்கள். ரூபி ஓடிவந்து அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டு, தன் இடத்தைக் காட்டி, “அங்க உக்காருங்க தாத்தா” என்றாள். பிலோமினாவும் முழங்காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டாள்.

சூசைராஜ் கண்ணாடியில் பார்த்து, “உக்காந்துட்டீங்களா ஐயா?” என்று கேட்டான். பதில் வரும்வரை காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தான்.